ஹட்டனிலிருந்து திருச்சி: ஒரு மணித்தியால விமானமும் ஒரு முழு நாள் வழியும்

எங்கள் மலையகப் பகுதியில் யார் விமானம் ஏறப் புறப்பட்டாலும் முதலில் கேட்கும் கேள்வி, "அங்கே போக எத்தனை மணித்தியாலம்?" என்பதுதான். கைத்தொலைபேசியில் தேடினால் விடை உடனே கிடைத்துவிடுகிறது. கொழும்பிலிருந்து திருச்சிக்குச் சுமார் 420 கிலோமீற்றர், ஒரு மணித்தியாலம். சென்னைக்குச் சுமார் 645 கிலோமீற்றர், ஏறத்தாழ ஒன்றேகால் மணித்தியாலம். டுபாய்க்கு 3,300 கிலோமீற்றர் அளவில், நாலரை மணித்தியாலம். எல்லாம் சரியான எண்கள்தான். அவை தொடங்குவது கட்டுநாயக்க விமான நிலையத்தில். நாம் தொடங்குவதோ கொட்டகலையிலும் மஸ்கெலியாவிலும் பொகவந்தலாவையிலும் உள்ள தோட்டத்து லயன் வீடுகளின் வாசல்களில். இரண்டுக்கும் இடையில் உள்ள நேரத்தை எந்த டிக்கெட்டும் சொல்வதில்லை. பயணம் கெடுவதும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான்.

நான் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அம்மாவின் அக்கா, என் பெரியம்மா, 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியா அனுப்பப்பட்டவர்களில் ஒருவர்; இப்போது நீலகிரியில் உள்ள கோத்தகிரியில் இருக்கிறார். தங்கை கட்டாரில் வேலை செய்கிறாள். அம்மாவைப் பெரியம்மாவிடம் அழைத்துப் போவதும், தங்கையை வழியனுப்பி மீண்டும் கூட்டி வருவதும் பல ஆண்டுகளாக என் பொறுப்பு. அதனால் அக்கம்பக்கத்தில் யாருக்குப் பயணம் என்றாலும் நேரம் பார்த்துச் சொல்லச் சொல்லி என்னிடம் வருவார்கள். அவர்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. வரைபடத்தில் ஹட்டனுக்கும் கட்டுநாயக்கவுக்கும் நேர்கோடு போட்டால் 90 கிலோமீற்றர் கூட வராது. அதே தூரம் தரைவழியில் கினிகத்தேனை, கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று சுற்றி இறங்கும்போது ஏறத்தாழ 130, 140 கிலோமீற்றர் ஆகிறது. வீதி நன்றாக இருக்கும் நாளில் நான்கு மணித்தியாலம், வழக்கமாக ஐந்து. அதாவது, திருச்சிப் பயணத்தில் விமானம் கடப்பது நேர்கோட்டில் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு தூரம்; எடுப்பதோ ஐந்தில் ஒரு பங்கு நேரம். தலவாக்கலை, நானுஓயா, நுவரெலியா பக்கத்தில் இருப்பவர்கள் இன்னும் ஒன்று, ஒன்றரை மணித்தியாலம் கூட்டிக்கொள்ள வேண்டும். தோட்டத்தின் மேல் டிவிசனில் இருப்பவர்களுக்குத் தோட்டத்துப் பாதையிலிருந்து பிரதான வீதிக்கு இறங்கவே முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். கற்கள் பெயர்ந்த அந்தப் பாதையில் இரவு மழையில் ஆட்டோ வர மறுப்பதும் உண்டு. ஆகவே வாகனம் பேசும்போதே எந்த இடம் வரை வரும் என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

விமான நேரம் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய மாறாதது. வீதி நேரம் மாதத்துக்கு மாதம் மாறும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை ஹட்டன், கினிகத்தேனைப் பக்கம் கொட்டித் தீர்க்கும். நாட்டிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களில் ஒன்றான வட்டவளை இதே பக்கத்தில்தான் இருக்கிறது. ஆண்டின் இறுதி மாதங்களில் வடகிழக்கு மழை பதுளை, பண்டாரவளைப் பக்கம் திரும்பிவிடும். டிசம்பர் போயா (முழுநிலா) தினம் தொடங்கி வெசாக் வரை சிவனொளிபாதமலைப் பருவகாலம். வெள்ளி இரவும் வார இறுதியும் யாத்திரிகர்களின் பஸ்களும் வான்களும் ஹட்டனை நிறைத்துவிடும். ஏப்ரலில் நுவரெலியாவின் வசந்தகாலக் கூட்டம். காலைப் பனிமூட்டம் தனி. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மலையகத்தின் வீதிகளும் ரயில் பாதையும் பல இடங்களில் மண்சரிவால் துண்டிக்கப்பட்டதை நாம் எல்லோரும் பார்த்தோம். மழைக்காலத்தில் டிக்கெட் இருக்கிறதென்றால், புறப்படுவதற்கு முந்தைய நாளே தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டுவிடுவது என் வழக்கம். உங்கள் மாவட்டத்துக்கு மட்டுமல்ல, வழியில் வரும் கேகாலை மாவட்டத்துக்கும் சேர்த்துக் கேளுங்கள்.

எங்கள் அயலில் ஓர் இளைஞனுக்கு வளைகுடாவில் வேலை கிடைத்தது. ஜூன் மாதம், பகல் விமானம். ஐந்து மணித்தியாலத்தில் போய்விடலாம் என்று வான் சாரதி சொன்ன கணக்கை நம்பி அதிகாலையில் புறப்பட்டார்கள். கினிகத்தேனைக்குக் கீழே மரம் ஒன்று மண்ணோடு சரிந்து வீதிக்குக் குறுக்கே கிடந்தது. வெட்டி அகற்றி வழி திறக்கும்போது நேரம் கடந்துவிட்டது. அவன் விமான நிலைய வாசலை அடைந்தபோது விமானம் இன்னும் தரையில்தான் நின்றது; ஆனால் பயணப் பதிவுக் கவுண்டர் மூடியாகிவிட்டது. கடன் வாங்கிக் கட்டிய பணம், வேலை தொடங்க வேண்டிய திகதி, வாசலில் நின்று அழுத அவனது தாய். மழையும் மரமும் யாருடைய குற்றமும் அல்ல. அந்த மழைக்குக் கணக்கில் இடம் விட வேண்டும் என்று அந்தப் பிள்ளைக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அதை நினைக்கும்போது இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆகவே, கணக்கைப் பின்னாலிருந்து போடுங்கள். டிக்கெட்டில் உள்ள புறப்படும் நேரம் விமானம் தரிப்பிடத்தை விட்டு நகரும் நேரம். பெரும்பாலான நிறுவனங்கள் அதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன்பே பயணப் பதிவை மூடிவிடும். அதற்கு முன் வாசலில் பொதிகளைச் சோதிக்கும் வரிசை, பிறகு பதிவு வரிசை, வேலைக்குப் போகிறவர்களுக்கு வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் கவுண்டர், குடிவரவு, இன்னொரு சோதனை. மூன்று மணித்தியாலத்துக்கு முன்பே வரச் சொல்வது இதற்காகத்தான். அதற்குமேல் வீதிக்கு ஐந்து மணித்தியாலம். அதற்கும் மேல் மழைக்கும் பழுதுக்குமாக இரண்டு மணித்தியாலம். பிற்பகல் மூன்று மணி விமானமென்றால் நண்பகல் பன்னிரண்டுக்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டும். வீட்டிலிருந்து அதிகாலை ஐந்து மணிக்குக் கிளம்ப வேண்டும். காலை ஒன்பது மணி விமானமென்றால் இதே கணக்கு முந்தைய இரவு பதினொரு மணியில் போய் நிற்கும். அந்த நேரத்தில் மலைப் பாதையில் இறங்குவதைவிட முந்தைய நாள் மதியமே புறப்பட்டுக் கீழே போய்த் தங்குவதுதான் நல்லது.

தங்குவதற்கு வழியில்லாமல் இல்லை. வத்தளையிலோ கொட்டாஞ்சேனையிலோ நம்மவர்களில் பலருக்கு ஓர் உறவு இருக்கும். இல்லாவிட்டால் நீர்கொழும்பில் சிறிய விடுதிகள் ஏராளம்; விமான நிலையம் அங்கிருந்து மிகக் கிட்ட. ஓர் இரவு அறை வாடகை, தவறவிட்ட ஒரு டிக்கெட்டின் விலைக்குப் பக்கத்திலும் வராது. வயதானவர்களோடு போனால் இதில் பேரம் பேசவே வேண்டாம் என்பேன். இரவு முழுவதும் வளைவுகளில் ஆடி வாந்தி எடுத்து, தூக்கமில்லாமல் வரிசையில் நிற்கும் ஒரு மூதாட்டிக்கு அந்த ஒரு மணித்தியால விமானம் கூடப் பெரும் தண்டனை.

ரயிலைப் பலரும் கேட்பார்கள். செலவு குறைவு, வாந்தி இல்லை, எனக்கும் பிடித்தது அதுதான். ஹட்டன் நிலையம் கொழும்புக் கோட்டையிலிருந்து ரயில் பாதையில் 173 கிலோமீற்றர், பதுளை 292. கோட்டையில் இறங்கிய பிறகு விமான நிலையத்துக்கு இன்னும் முப்பது கிலோமீற்றருக்கு மேல் போக வேண்டும். 2013இல் திறந்த கட்டுநாயக்க அதிவேக வீதி இருப்பதால் அந்தத் துண்டு இப்போது பெரிய கவலை இல்லை. 187ஆம் இலக்க பஸ்ஸும் இருக்கிறது. ஆனால் மலையக ரயிலின் தாமதத்தை யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. விமானத்துக்கு முந்தைய நாள் ரயிலில் போகலாம். விமானம் ஏறும் அதே நாளில் ரயிலை நம்ப வேண்டாம்.

"மத்தளை கிட்டத்தானே?" என்று பண்டாரவளை, ஹப்புத்தளைப் பக்கத்தார் கேட்பது நியாயமான கேள்வி. 2013இல் திறக்கப்பட்ட மத்தளை விமான நிலையம் பண்டாரவளையிலிருந்து நேர்கோட்டில் அறுபது கிலோமீற்றர் சொச்சம். கட்டுநாயக்க அதைப்போல இரண்டு மடங்கு. ஆனால் நாம் போக வேண்டிய ஊர்களுக்கு அங்கிருந்து வழக்கமான விமானம் இல்லையே. பலாலிக் கதையும் இப்படித்தான். 2019 ஒக்டோபரில் பலாலியில் யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறந்தபோது, சென்னை அங்கிருந்து 360 கிலோமீற்றருக்குள் என்று கேட்டு எங்கள் ஊரில் சிலர் ஆசைப்பட்டார்கள். ஹட்டனிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேர ஒரு முழு நாள் வேண்டும். யாழ்ப்பாணத்துக்காரருக்கு அது வரம்; நமக்கு, வானில் குறையும் 300 கிலோமீற்றரை வீதியில் வட்டியோடு திருப்பிக் கட்டுவதாகிவிடும். விமான தூரம் குறைந்த பாதை என்பதற்காக ஒரு டிக்கெட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். வீட்டு வாசலிலிருந்து போய்ச்சேரும் வாசல் வரை கூட்டிப் பாருங்கள்.

விமான நேரம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் மாணவர்கள் கேட்ட நல்ல கேள்வி இது: விமானம் மணிக்கு 800 கிலோமீற்றருக்கு மேல் பறக்கும் என்றால், 420 கிலோமீற்றருக்கு அரை மணித்தியாலம்தானே ஆக வேண்டும்? டிக்கெட் ஏன் ஒரு மணித்தியாலம் என்கிறது? தரிப்பிடத்திலிருந்து ஓடுபாதை வரை ஊர்ந்து செல்லும் நேரம், மேலே ஏறும் நேரம், வேகத்தைக் குறைத்து இறங்கும் நேரம், இறங்கியபின் மறுபடி ஊர்ந்து நிற்கும் நேரம் எல்லாம் அந்த ஒரு மணித்தியாலத்துக்குள் அடக்கம். குறுகிய பயணத்தில் முழு வேகத்தில் பறப்பது சில நிமிடங்கள் மட்டுமே. அதனால்தான் தூரத்தை வேகத்தால் வகுத்தால் குறுகிய பயணங்களில் விடை பிழைக்கிறது. டோஹா, இலண்டன் போன்ற நீண்ட பயணங்களில் ஓரளவு பொருந்துகிறது. நீண்ட பயணத்தில் காற்றும் சேர்ந்துகொள்ளும். 8,700 கிலோமீற்றர் தள்ளியுள்ள இலண்டனுக்குப் போகும்போது எதிர்க்காற்று நேரத்தைக் கூட்டும். திரும்பி வரும்போது அதே காற்று பின்னாலிருந்து தள்ளும். இணையத்தில் காட்டும் தூரம் இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே பூமியின் வளைவோடு வரையும் மிகக் குறுகிய கோடு. உண்மையில் விமானம் போவது அதைவிடச் சற்று நீளமாகத்தான் இருக்கும். சில இடங்களில் அதைக் கடல் மைலில் போட்டிருப்பார்கள். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீற்றர்.

கட்டுநாயக்கவுக்கும் திருச்சிக்கும் இடையிலான அந்த நேர்கோட்டை வரைந்து பார்த்தபோது என்னை நீண்ட நேரம் அசையவிடாமல் வைத்தது ஒன்று. அது பாம்பனுக்கு ஏறக்குறைய நேர் மேலே கடக்கிறது. வானம் தெளிந்திருந்தால் போகும்போது வலப்பக்க ஜன்னலில் ராமேஸ்வரம் தீவும் அதற்கப்பால் தலைமன்னார் வரை நீளும் மணல்திட்டுகளும் தெரியக்கூடும். பெரியம்மா ஹட்டனில் ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் காத்திருந்து, பிறகு நீலகிரிக்குப் போன வழி அது. அவருக்கு அது நாட்கணக்கான பயணம். திரும்பி வரும் டிக்கெட் இல்லாத பயணம். முடிந்தால் வலப்பக்க ஜன்னல் ஆசனத்தைக் கேட்டு வாங்குங்கள். அம்மாவுக்கு நான் அப்படித்தான் வாங்குகிறேன்.

கடிகாரம் அடுத்தது. இலங்கைக்கும் இந்தியாவுக்கும் இப்போது ஒரே நேரம். 1996இல் நம் நாட்டுக் கடிகாரம் மாற்றப்பட்டு, 2006 ஏப்ரல் புத்தாண்டோடுதான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்த இடைப்பட்ட பத்து ஆண்டுகளின் நினைவில் "இந்தியாவுக்கு அரை மணி வித்தியாசம்" என்று சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது முடிந்த கதை. வளைகுடாவுக்குத்தான் கவனம் வேண்டும். கட்டார் நமக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால், டுபாய் ஒன்றரை மணித்தியாலம் பின்னால். டிக்கெட்டில் புறப்படும் நேரம் இலங்கை நேரம், இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு ஆறரைக்கு டோஹாவில் இறங்குவதாகப் போட்டிருந்தால், பயணம் இரண்டரை மணித்தியாலம் அல்ல, ஐந்து. தங்கை முதல்முறை போனபோது இதை அம்மாவுக்குத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: "இங்கே ஒன்பது மணி ஆகும்வரை அழைப்பு வராது, பயப்பட வேண்டாம்" என்று. முதன்முறை பிள்ளையை அனுப்பும் எந்த வீட்டிலும் அப்படி ஒரு தாள் சுவரில் இருக்கட்டும்.

இதைவிட ஆபத்தானது நள்ளிரவுத் திகதி. 12ஆம் திகதி அதிகாலை 12.40 என்று டிக்கெட்டில் இருந்தால், நீங்கள் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டியது 11ஆம் திகதி பிற்பகல். 12ஆம் திகதி இரவு போனால், விமானம் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். வளைகுடா விமானங்களில் பல நள்ளிரவை ஒட்டியே இருப்பதால் இது நடக்கக்கூடியது. என்னிடம் டிக்கெட் கொண்டு வருபவர்களுக்கு விமான நேரத்தைச் சொல்லும் முன், "இந்த நாள், இந்தக் கிழமை, இத்தனை மணிக்கு உங்கள் வீட்டு வாசலில் வாகனம் நிற்க வேண்டும்" என்று பெரிய எழுத்தில் எழுதிக் கொடுப்பேன்.

உயரம் பற்றிய பயம் வயதானவர்களிடம் நிறைய உண்டு. மேலே மூச்சு முட்டுமா என்று அம்மா பலமுறை கேட்டிருக்கிறார். விமானம் பத்து, பதினொரு கிலோமீற்றர் உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீற்றர் உயரத்தில் இருக்கும் அளவுக்குச் சரிசெய்யப்படுகிறது. நுவரெலியா நகரம் 1,868 மீற்றரில் இருக்கிறது. ஹோர்ட்டன் சமவெளி 2,100 மீற்றருக்கும் மேலே. அங்கெல்லாம் கொழுந்து எடுத்தும் நடந்தும் வாழ்ந்தவர்களுக்கு அந்தக் காற்று புதிதல்ல. இதைச் சொன்னபோது அம்மாவின் முகத்தில் வந்த தெளிவு எனக்கு மறக்காது. இதய நோய், நுரையீரல் நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரிடம் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். காது அடைப்பதும் நமக்குப் பழகியதுதான்: ஹட்டனின் 1,200 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலிருந்து அவிசாவளைக்கு இறங்கும்போது அடைக்கும் அதே காது, விமானம் இறங்கும்போதும் அடைக்கும். எச்சில் விழுங்குங்கள், இனிப்பு ஒன்றை வாயில் வையுங்கள், குழந்தைக்குப் பால் கொடுங்கள்.

இந்தியப் பக்கத்திலும் தூரம் காத்திருக்கிறது. திருச்சியில் இறங்கினால் கோத்தகிரி வந்துவிடாது. கோயம்புத்தூருக்கே 200 கிலோமீற்றருக்கு மேல்; பிறகு மேட்டுப்பாளையம், பிறகு மலை ஏற்றம். சென்னை போய் அங்கிருந்து கோயம்புத்தூருக்கு உள்நாட்டு விமானம் பிடிக்கலாம் என்று சிலர் தனித்தனி டிக்கெட் எடுக்கிறார்கள். அப்படி எடுத்தால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிடும்போது பொறுப்பேற்க யாரும் இல்லை. குடிவரவு முடித்து, பொதி எடுத்து, உள்நாட்டு முனையத்துக்கு மாறி, மறுபடி பதிவு செய்ய வேண்டும். ஒரே டிக்கெட்டாக எடுக்க முடியாவிட்டால் நடுவில் குறைந்தது நான்கைந்து மணித்தியாலம் விடுங்கள். நானும் அம்மாவும் திருச்சியில் இறங்கி, அங்கேயே ஓர் இரவு தங்கி, காலையில் தரைவழியில் போவதைத்தான் விரும்புகிறோம்.

திரும்பும் பயணத்துக்கு யாரும் இவ்வளவு கணக்குப் போடுவதில்லை. தவறவிட விமானம் இல்லை என்பதால் மனம் தளர்ந்துவிடுகிறது. ஆனால் அழைத்துப்போக வரும் வான் காலையிலேயே மலையிலிருந்து இறங்கியிருக்கும்; விமானம் தாமதமானால் சாரதி தூக்கமில்லாமல் காத்திருந்திருப்பார்; ஏறவேண்டியது இருட்டிலும் பனியிலும். டோஹாவில் இரவு எட்டு மணிக்கு ஏறினால் கட்டுநாயக்கவில் இறங்கும்போது மறுநாள் அதிகாலை மூன்றேகால் ஆகிவிடும், அழைத்து வரப் போகிறவர்கள் அந்தத் திகதியையும் சரியாகப் பார்க்க வேண்டும். இப்படி நேரங்கெட்ட நேரத்தில் இறங்கும் பயணமென்றால், நீர்கொழும்பில் சாரதிக்கும் சேர்த்து அறை எடுங்கள். விடிந்து, ஒரு தேநீர் குடித்து, வெளிச்சத்தில் கினிகத்தேனை ஏறுங்கள்.